ஹைலேண்டர் தொடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹைலேண்டர் தொலைக்காட்சித் தொடரைப் பாருங்கள் என்று யாரிடம் சொன்னாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான் திரும்பி வருகின்றன. பாதி பார்த்தவர்களுக்கு வேறு சில சந்தேகங்கள், முழுக்கப் பார்த்து முடித்தவர்களுக்கு இன்னும் சிக்கலான சில. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வரும். டெஸ்ஸாவைப் பற்றிய கேள்வியிலிருந்து கதையின் பெரிய திருப்பங்களை மறைக்காமல் பேசியிருக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் அங்கே நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

இது என்ன கதை? சுருக்கமா சொல்லுங்க.

1592-இல் ஸ்காட்லாந்து மலைநாட்டில், கிளென்ஃபின்னன் என்ற ஊரில் பிறந்த டங்கன் மெக்லவுட், 1990-களிலும் முப்பது சொச்சம் வயது ஆளாகவே உயிரோடு இருக்கிறான். அவனைப் போலச் சாவில்லாத பலர் உலகமெங்கும் அடையாளம் மறைத்து வாழ்கிறார்கள். தலையை வெட்டினால் மட்டுமே அவர்கள் சாவார்கள். ஒருவரையொருவர் வாளால் வேட்டையாடி, கடைசியில் ஒரே ஒருவர்தான் மிஞ்ச வேண்டும் என்பது அவர்களுக்குள் காலங்காலமாக நடக்கும் ஆட்டம். டங்கனுக்கு அதில் ஆசை கிடையாது. காதலி டெஸ்ஸாவோடு ஒரு பழம்பொருள் கடை நடத்திக்கொண்டு அமைதியாக இருக்கிறவனைத் தேடி ஆட்டம் வந்து கதவைத் தட்டுகிறது, முதல் எபிசோடு அங்கே தொடங்குகிறது.

1992 அக்டோபரில் தொடங்கி 1998 மே மாதம் முடிந்தது. ஆறு சீசன்கள், மொத்தம் 119 எபிசோடுகள். டங்கனாக நடித்தவர் ஏட்ரியன் பால்.

அந்த பழைய படத்தைப் பார்க்காம தொடரைப் பார்த்தா புரியுமா?

தாராளமாகப் புரியும். 1986-இல் வந்த 'ஹைலேண்டர்' படத்தின் நாயகன் கானர் மெக்லவுட், டங்கனின் அதே குலத்தைச் சேர்ந்தவன், வயதில் மூத்தவன். படத்தில் கானராக நடித்த கிறிஸ்டஃபர் லாம்பர்ட்டே தொடரின் முதல் எபிசோடில் வந்து டங்கனை நமக்கு அறிமுகப்படுத்திவிட்டுப் போகிறார். தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்திலேயே வந்துவிடும்.

படத்தை விரும்புகிறவர்கள் அப்புறமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஷான் கானரி அதில் கானரின் குருவாக வருகிறார், அதற்காகவே பார்க்கலாம். படத்துக்கு குயீன் இசைக்குழு போட்ட பாடல்களில் ஒன்றுதான் தொடரின் முகப்புப் பாட்டாகவும் ஆனது. அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், ஒவ்வொரு முறையும் கேளுங்கள்!

தலையை வெட்டுறாங்கன்னு சொல்றீங்களே, ரொம்ப கோரமா இருக்குமா?

இருக்காது. வாள் வீசப்படும், அதோடு காட்சி திரும்பிவிடும். எதிராளி விழுவதும் அதன் பிறகு வரும் மின்னலும்தான் கண்ணில் படும். ரத்தத்தைவிட மனசைப் பாதிக்கும் விஷயங்கள்தான் இதில் அதிகம், அதற்குத் தயாராக இருங்கள்.

சாவில்லாதவங்கன்னா துப்பாக்கியால சுட்டாலும் ஒண்ணும் ஆகாதா?

வலிக்கும், விழுவார்கள், மூச்சும் நின்றுபோகும். கொஞ்ச நேரத்தில் காயம் ஆறி எழுந்துவிடுவார்கள். பிறக்கும்போது மற்றவர்களைப் போலத்தான் இருக்கிறார்கள், வளர்கிறார்கள். முதல்முறை வன்முறையாகச் சாகும்போதுதான் உள்ளே இருந்த அந்தத் தன்மை விழித்துக்கொள்கிறது. அந்த நிமிடத்தில் எந்த வயதோ அதே வயதில் உடம்பு நின்றுவிடும். டங்கன் 1622-இல் ஒரு சண்டையில் செத்து எழுந்தவன். செத்தவன் எழுந்து உட்கார்ந்ததைக் கண்டு சொந்த அப்பாவே அவனைப் பேய் என்று சொல்லி ஊரைவிட்டுத் துரத்தினார். கானர் வந்து அவனைக் கண்டெடுக்கும்வரை மூன்று வருடம் தான் யாரென்றே தெரியாமல் அலைந்தான்.

இன்னும் இரண்டு விஷயம். இவர்களுக்குக் குழந்தை பிறக்காது. இவர்களும் யாருக்குப் பிறந்தவர்கள் என்று தெரியாது, எல்லோருமே எங்கிருந்தோ வந்த அனாதைக் குழந்தைகள். இன்னொரு சாவில்லாதவர் அருகில் வந்தால் தலைக்குள் ஒரு ரீங்காரம் கேட்கும், அதனால் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளிய முடியாது.

அப்போ நம்ம சிரஞ்சீவிகள் மாதிரியா?

பலரும் உடனே அஸ்வத்தாமனைத்தான் நினைக்கிறார்கள், அது நியாயமும்கூட. காயத்தோடு காலமெல்லாம் தனியாக அலைவது என்ற அந்த உணர்வு இரண்டுக்கும் பொது. ஆனால் அங்கே சாவின்மைக்கு ஒரு காரணம் உண்டு. ஒருவருக்கு வரமாகக் கிடைத்தது, இன்னொருவருக்குச் சாபமாக வந்தது, கொடுத்தவர் யார் என்பதும் தெரியும். இந்தத் தொடரில் யாரும் கொடுக்கவில்லை. தவம் செய்து பெற்றதும் இல்லை, பாவம் செய்து வாங்கியதும் இல்லை. ஏன் நான் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளே கிடையாது. அதனால் இந்த ஆயுளை வைத்து என்ன செய்வது என்பதை ஒவ்வொருவரும் தாங்களாகவே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தொடர் எனக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்கு அடிப்படை இதுதான்.

தலையை வெட்டினதும் மின்னல் அடிக்குதே, அது என்ன?

அதற்குப் பெயர் குயிக்கனிங். தோற்றவருக்குள் இருந்த சக்தியும் அவர் வாழ்ந்து சேர்த்ததும் வென்றவருக்குள் பாயும். அதனால்தான் கண்ணாடிகள் நொறுங்கும், கார்கள் வெடிக்கும், டங்கன் முழங்காலிட்டு அலறுவான். வெற்றி பெற்றவன் மாதிரி அவன் ஒருநாளும் தெரிய மாட்டான், கவனித்துப் பாருங்கள்.

சக்தியோடு குணமும் ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்பவர்கள் உண்டு. வழக்கமாக ஒட்டாது, எப்போதாவது ஒட்டும். நான்காம் சீசனில் கோல்டெக் என்ற நல்லவர் மற்றவர்களின் தீமையைத் தனக்குள் வாங்கி வாங்கியே கடைசியில் நிரம்பி வழிந்துவிடுகிறார். அவரைக் கொல்ல நேர்ந்த டங்கனுக்குள் அந்த இருட்டு முழுவதும் இறங்கிவிடுகிறது. அந்த நிலையில் அவன் செய்கிறவற்றைப் பார்ப்பது கஷ்டம், தனக்கு உதவ வந்த ஷான் பர்ன்ஸ் என்ற நண்பரையே கொன்றுவிடுகிறான்.

கை கால் வெட்டுப்பட்டா திரும்ப முளைக்குமா?

முளைக்காது. முதல் சீசனில் சேவியர் என்ற வில்லன் டங்கனிடம் ஒரு கையை இழக்கிறான், இரண்டாம் சீசனில் திரும்பி வரும்போதும் அந்தக் கை இல்லாமல்தான் வருகிறான். கழுத்துக் காயமும் முழுசாக ஆறாது. மூன்றாம் சீசன் வில்லன் கலாஸ் அருமையான பாடகன். டங்கன் வெட்டிய வெட்டில் தலை தப்பிவிட்டது, குரல் போய்விட்டது. அந்தக் கரகரத்த குரலோடு அவன் பழிவாங்க வருவதுதான் அந்த சீசனின் முதுகெலும்பு, ஈஃபிள் கோபுரத்தின் மேல் நடக்கும் சண்டையில் போய் முடியும்.

அவ்வளவு நீள வாளை எங்கதான் ஒளிச்சு வச்சிருக்காங்க?

நீளக் கோட்டுக்குள். அதில் எப்படி உட்காருகிறார்கள், கார் ஓட்டுகிறார்கள் என்பதற்குத் தொடர் விளக்கம் தரவில்லை, தேவையும் இல்லை. சில விஷயங்களை ஒப்புக்கொண்டு மேலே போக வேண்டியதுதான்.

ஸ்காட்லாந்துக்காரன் கையில ஜப்பானிய வாள் எப்படி?

மூன்றாம் சீசனில் 'தி சாமுராய்' என்ற எபிசோடு இதற்காகவே இருக்கிறது. 1778-இல் கப்பல் உடைந்து டங்கன் ஜப்பானியக் கரையில் ஒதுங்குகிறான். அந்தக் காலத்தில் ஜப்பான் வெளிநாட்டவருக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்தது, அவர்களுக்கு இடம் கொடுப்பதே பெருங்குற்றம். ஹிடியோ கோட்டோ என்ற சாமுராய் அது தெரிந்தும் அடைக்கலம் கொடுக்கிறார். அதற்கு விலையாக அவரே தன் உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டி வருகிறது. தன் குடும்ப வாளை டங்கனிடம் ஒப்படைக்கிறார், அவருடைய வம்சத்தைக் காப்பேன் என்று டங்கன் வாக்குக் கொடுக்கிறான்.

இருநூறு வருடம் கழித்து அந்த வம்சத்துப் பெண் ஒருத்தி உதவி கேட்டு வரும்போது அவன் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. டிராகன் தலைப் பிடி போட்ட அந்த வாள் அழகாக இருக்கிறது என்று ரசித்துவந்த எனக்கு, இந்த எபிசோடுக்குப் பிறகு அதை வெறும் ஆயுதமாகப் பார்க்க முடியவில்லை.

முதல் சீசன் மெதுவா போகுது, நேரா நடுவுல இருந்து பார்க்கலாமா?

வேண்டாம். முதல் சீசனின் முதல் பாதியில் சாதாரணக் குற்றக் கதைகள் சில உண்டு, அவற்றைத் தாண்டிப் போனால் நஷ்டமில்லை. ஆனால் 'தி கேதரிங்', 'ஃபேமிலி ட்ரீ', 'தி லேடி அண்ட் தி டைகர்', 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்', 'தி ஹன்டர்ஸ்' இவற்றை விட்டுவிடாதீர்கள். டங்கனின் பிறப்பு ரகசியம், சாவில்லாத திருடி அமாண்டாவின் வருகை, டங்கனின் துறவி நண்பர் டேரியஸ் எல்லாம் இவற்றில்தான். இரண்டாம் சீசனிலிருந்து தொடர் வேறு உயரத்துக்குப் போய்விடும்.

இன்னொரு யோசனை. ஐரோப்பாவில் ஒளிபரப்பான வடிவம் அமெரிக்க வடிவத்தைவிட ஒவ்வொரு எபிசோடிலும் சில நிமிடங்கள் கூடுதல். கிடைத்தால் அதையே பாருங்கள், பாத்திரங்கள் மூச்சு விட்டுப் பேசும் சின்னச் சின்னக் காட்சிகள் அதில்தான் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

ஒரு ஊர்ல நடக்குற கதை திடீர்னு பாரிஸுக்கு ஏன் போயிடுது?

கனடாவும் பிரான்சும் சேர்ந்து தயாரித்த தொடர் இது. அதனால் முதல் ஐந்து சீசன்களிலும் முதல் பாதியை வான்கூவரிலும் மறுபாதியை பாரிஸிலும் எடுத்தார்கள். வான்கூவரில் எடுத்தது கதையில் சீகூவர் என்ற கற்பனை நகரமாக வரும். தயாரிப்பு வசதிக்காகச் செய்த ஏற்பாடு கதைக்கும் நல்லதாகவே முடிந்தது. செய்ன் நதியில் டங்கன் வசிக்கும் படகு வீடும், பின்னணியில் தெரியும் பழைய கல் கட்டடங்களும் நானூறு வயது மனிதனுக்கு அவ்வளவு பொருத்தம்.

பழைய காலக் காட்சிகள் எல்லா எபிசோட்லயும் வருதே, அவ்வளவு தேவையா?

தேவையாவது! தொடரின் உயிரே அதில்தான் இருக்கிறது. இன்றைக்கு ஒருவன் வருகிறான், அவனை டங்கனுக்கு எப்போது தெரியும், அன்றைக்கு அவர்களுக்குள் என்ன நடந்தது என்று கதை பின்னால் போகும். ஸ்காட்லாந்து மலைநாட்டவர் ஆங்கிலேயப் படையிடம் தோற்ற 1746 குல்லோடன் போர், 1815 வாட்டர்லூ, அமெரிக்க உள்நாட்டுப் போர், லகோட்டா பழங்குடியினரோடு அவன் வாழ்ந்த நாட்கள், இரண்டாம் உலகப்போர்க் கால பிரான்ஸ் என்று எங்கெங்கோ போய் வருவோம். உடையும் தலைமுடியும் மாறுவது கண்ணுக்கு விருந்துதான், ஆனால் அதற்காக மட்டும் அந்தக் காட்சிகள் இல்லை.

அன்றைய நண்பன் இன்றைக்கும் நண்பனா? இருநூறு வருடத்துக்கு முன் ஒருவன் செய்த கொடுமைக்கு இன்று தண்டிக்கலாமா, நடுவில் அவன் திருந்தியிருந்தால்? சாதாரண மனிதர்களின் கதையில் இந்தக் கேள்விகளை இவ்வளவு நீட்டிக் கேட்க முடியாது, அறுபது எழுபது வருடத்தில் ஆள் போய்விடுவார். இங்கே ஆள் எதிரிலேயே நிற்கிறார்.

புனித இடத்துல சண்டை போடக்கூடாதுன்னு சொல்றாங்களே, மீறினா என்ன ஆகும்?

கோயிலோ தேவாலயமோ கல்லறையோ பழங்குடிகளின் புனித நிலமோ, எந்த மதத்தினுடையதாக இருந்தாலும் அங்கே வாளை உருவக்கூடாது. மிகக் கெட்டவர்கள்கூட மதிக்கும் ஒரே விதி இது. பரம எதிரிகள் இருவர் தேவாலயப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் காட்சிகள் கிடைப்பது இதனால்தான்.

மீறினால் என்ன ஆகும் என்பதைத் தொடர் நேராகக் காட்டவில்லை. ஐந்தாம் சீசனில் டங்கனின் நண்பர் ஜோ டாசன் ஒரு பழங்கதையைச் சொல்வார்: கடைசியாக அப்படி நடந்தது கி.பி. 79-இல், பாம்பேயி நகரத்தில். அந்த வருடம்தான் வெசூவியஸ் எரிமலை வெடித்து அந்த நகரமே புதைந்துபோனது. நிஜமா, வதந்தியா என்பதை நம்மிடமே விட்டுவிட்டார்கள்.

இந்த வாட்சர்கள் யாரு?

சாவில்லாதவர்களைக் கண்காணித்துக் குறிப்பெழுதும் ரகசிய அமைப்பு. எல்லோரும் சாதாரண மனிதர்கள், மணிக்கட்டில் பச்சை குத்தியிருப்பார்கள். பார்க்கலாம், எழுதலாம், தலையிடக்கூடாது என்பது சத்தியம். டங்கனைக் கவனிக்க நியமிக்கப்பட்டவர் ஜோ டாசன், இரண்டாம் சீசனில் அறிமுகம். அவருக்கு டங்கனோடு நட்பு வருகிறது, நட்பு வந்தபின் தலையிடாமல் எப்படி இருப்பது? நான்காம் சீசன் முடிவில் இதற்காக அவருடைய ஆட்களே அவரை விசாரணைக் கூண்டில் நிறுத்துகிறார்கள்.

ஜோ வியட்நாம் போரில் இரு கால்களையும் இழந்தவர் என்பது கதை. அவராக நடித்த ஜிம் பர்ன்ஸ் நிஜ வாழ்க்கையில் 1972-இல் ஒரு சாலை விபத்தில் இரு கால்களையும் இழந்தவர், அதோடு நல்ல புளூஸ் பாடகர். ஜோ தன் மதுக்கூட மேடையில் கிட்டாரோடு உட்கார்ந்து பாடும் காட்சிகளில் கேட்பது அவருடைய சொந்தக் குரல்தான்.

டெஸ்ஸாவை ஏன் அப்படி சாகடிச்சாங்க? அதுவும் ஒரு தெருத்திருடன் கையில!

நடிகை அலெக்ஸாண்ட்ரா வாண்டர்நூட் தொடரிலிருந்து விலக விரும்பினார், அதனால் பாத்திரத்துக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. ஆனால் அந்த முடிவை எழுதிய விதம் இருக்கிறதே, இன்றுவரை நெஞ்சில் நிற்கிறது. 'தி டார்க்னெஸ்' எபிசோடில் டெஸ்ஸாவைக் கடத்தியவனிடமிருந்து டங்கன் அவளைப் போராடி மீட்டுவிடுகிறான். ஆபத்து தாண்டிவிட்டது என்று நாம் மூச்சு விடும்போது, தெருவில் எதிர்ப்பட்ட ஒருவன் பணத்துக்காகச் சுட்டுவிடுகிறான். கூட இருந்த ரிச்சியும் (டங்கனும் டெஸ்ஸாவும் தங்களோடு வைத்து வளர்க்கும் பையன்) விழுகிறான். ரிச்சி எழுகிறான், அவனும் சாவில்லாதவன் என்பது அப்போதுதான் தெரிகிறது. டெஸ்ஸா எழவில்லை.

பெரிய வில்லன் ஒருவன் கொன்றிருந்தால் டங்கன் பழிதீர்த்து ஆறியிருப்பான், நாமும் ஆறியிருப்போம். அந்த ஆறுதலைத் தராமல் விட்டதுதான் சரி என்று நினைக்கிறேன். நானூறு வருட வாள் பயிற்சியால் ஒரு நொடி துப்பாக்கிச் சூட்டைத் தடுக்க முடியவில்லை.

டேரியஸைத் தேவாலயத்துக்குள்ளயே கொன்னுட்டாங்களே, புனித இட விதி என்னாச்சு?

நல்ல கேள்வி. விதி சாவில்லாதவர்களுக்கு மட்டும்தான், டேரியஸைக் கொன்றவர்கள் சாதாரண மனிதர்கள். மேலே சொன்ன வாட்சர் அமைப்பிலிருந்து ஹார்டன் என்பவன் தலைமையில் பிரிந்து, சாவில்லாதவர்களே உலகில் இருக்கக்கூடாது என்று கிளம்பிய கும்பல் அது.

டேரியஸ் ஒரு காலத்தில் படையோடு ஐரோப்பாவைச் சூறையாடியவர். பாரிஸ் வாசலில் ஒரு புனிதரின் தலையை வெட்டியபோது அவருடைய நல்லியல்பு முழுக்க இவருக்குள் பாய்ந்தது, அன்றோடு போரை விட்டுத் துறவியானார் (குயிக்கனிங்கில் குணம் ஒட்டும் என்று சொன்னேனே, அதன் மறுபக்கம்). நூற்றாண்டுகளாகத் தேவாலயத்தை விட்டு வெளியே வராமல் காப்பாற்றிக்கொண்ட உயிர், விதிக்கு வெளியே இருந்து வந்தவர்களால் போகிறது. நடித்த ஜெர்மானிய நடிகர் வெர்னர் ஸ்டாக்கர் அப்போது மூளைக் கட்டியால் கடுமையாக நோயுற்றிருந்தார், 1993 மே மாதம் காலமானார். டங்கனும் டேரியஸும் சதுரங்கம் ஆடிக்கொண்டே பேசும் காட்சிகளை இது தெரிந்து பார்க்கும்போது தொண்டை அடைக்கும்.

சின்னக் குழந்தையா இருக்கும்போதே செத்து எழுந்தா என்ன ஆகும்?

குழந்தையாகவே இருந்துவிட வேண்டியதுதான். இரண்டாம் சீசனில் 'தி லாம்ப்' பாருங்கள். பார்க்கப் பத்து வயதுப் பையன் கென்னி, உண்மையில் எண்ணூறு வருடம் வாழ்ந்தவன். வளர்ந்த ஆட்களோடு வாள் சண்டையில் ஒருநாளும் ஜெயிக்க முடியாது என்பதால் அழுது இரக்கம் தேடி, தூக்கி அணைப்பவர்களின் தலையை எடுத்தே பிழைத்தவன்.

அவனைத் தூக்கி வளர்த்தவர்களும் அவனிடம் ஏமாந்தவர்களும் எல்லாருமே நல்ல மனசுக்காரர்கள். அப்படியானால் இரக்கமே தப்பா என்ற கேள்வியோடு எபிசோடு நம்மை விட்டுவிடும். உண்மை தெரிந்த பிறகும் டங்கன் அவனைக் கொல்வதில்லை, அவன் ஓடிவிடுகிறான், பின்னொரு சீசனில் திரும்பியும் வருவான்.

மெத்தோஸ்தான் முதன்முதல் சாவில்லாதவரா?

இப்போது உயிரோடு இருப்பவர்களில் மூத்தவர், ஐயாயிரம் வருடமாவது இருக்கும். முதலாமவரா என்பது அவருக்கே தெரியாது, முதல் தலையை எடுப்பதற்கு முந்தைய நினைவுகள் மங்கிவிட்டன என்பார். மூன்றாம் சீசனில் டங்கன் அவரைத் தேடிப் போகும்போது ஏதோ ஞானக்கிழவரை எதிர்பார்ப்போம். கையில் பீரோடு, காதில் இசையோடு, கல்லூரி மாணவன் மாதிரி ஒருவர் தரையில் உட்கார்ந்திருப்பார். ஆடம் பியர்சன் என்ற பெயரில் வாட்சர் அமைப்புக்குள்ளேயே புகுந்து, மெத்தோஸ் என்பவர் உண்மையிலேயே இருந்தாரா என்று ஆராயும் வேலையை அவரே வாங்கி வைத்திருக்கிறார். தன்னைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு தன்னிடமே இருந்தால் யார் கண்டுபிடிப்பார்கள்?

பீட்டர் விங்ஃபீல்ட் இந்தப் பாத்திரத்தை அவ்வளவு இயல்பாகச் செய்திருக்கிறார். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டு நடிக்க வந்தவர், பல வருடம் கழித்து அதை முடித்து மருத்துவராகவே ஆகிவிட்டார்.

படத்துல கானர் கடைசி ஆளா ஜெயிச்சு பரிசை வாங்கிட்டான், அப்புறம் தொடர்ல இத்தனை பேர் எப்படி?

படத்தின் முடிவைத் தொடர் அப்படியே ஏற்கவில்லை. படத்தின் வில்லன் குர்கனைக் கானர் கொன்றது நடந்தது. ஆனால் அதுதான் கடைசிச் சண்டை என்பதும், கடைசியாக மிஞ்சுபவருக்கான பரிசு கிடைத்ததும் இந்தக் கதை உலகத்தில் நடக்கவில்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். 1991-இல் வந்த இரண்டாவது படம் சாவில்லாதவர்களை வேற்றுக்கிரகவாசிகளாக ஆக்கியது, தொடர் அந்தப் பக்கமே போகவில்லை. அதற்காக நன்றி சொல்ல வேண்டும்.

ரிச்சியை டங்கனே கொன்னதை ஏத்துக்கவே முடியலை. அதுக்கப்புறமும் பார்க்கணுமா?

ஐந்தாம் சீசனின் கடைசி எபிசோடு 'ஆர்க்கேஞ்சல்'. அரிமான் என்ற தீய சக்தி மாயத் தோற்றங்களைக் காட்டி டங்கனைச் சுற்றவிடுகிறது. எது நிஜம் என்று தெரியாமல் அவன் வீசிய வாள் ரிச்சியின் மேல் விழுகிறது. மகன் மாதிரி வளர்த்தவன். எனக்கும் இந்தத் திருப்பத்தில் குறை உண்டு. மனிதர்களின் தேர்வுகளால் நகர்ந்துகொண்டிருந்த கதைக்குள் பேயைக் கொண்டுவந்திருக்க வேண்டாம். ரிச்சியாக நடித்த ஸ்டான் கெர்ஷ் 2020-இல் மறைந்துவிட்டார், இப்போது அந்தக் காட்சி இன்னும் கனக்கிறது.

ஆனாலும் பாருங்கள். ஆறாம் சீசன் தொடக்கத்தில் டங்கன் வாளைத் தொடவே மறுக்கிறான், அரிமானையும் கடைசியில் சண்டை போடாமல்தான் வெல்கிறான். ரிச்சியின் சாவை எழுத்தாளர்கள் எளிதாகக் கடந்துவிடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

சரி, கடைசியில ஜெயிச்சது யாரு? பரிசு என்ன?

யாரும் ஜெயிக்கவில்லை, பரிசும் யாருக்கும் கிடைக்கவில்லை. கடைசி இரு எபிசோடுகளில் நண்பர்களைக் காப்பாற்றத் தன் தலையைக் கொடுக்கத் துணிகிறான் டங்கன். அப்போது, முன்பே இறந்துபோன நண்பன் ஃபிட்ஸ்கெர்ன் (தி ஹூ இசைக்குழுவின் ரோஜர் டால்ட்ரி, வரும் காட்சியெல்லாம் கலகலப்பு) வந்து, டங்கன் பிறக்காமலே போயிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று காட்டுகிறான். அமாண்டா ஈவிரக்கமற்றவளாகியிருக்கிறாள், ஜோ தெருவில் கிடக்கிறார், மெத்தோஸ் தன் பழைய கொலைகாரக் கூட்டாளிகளோடு சேர்ந்திருக்கிறார். டெஸ்ஸா உயிரோடு இருக்கிறாள், வேறொரு வாழ்க்கையில்.

ஆறு வருடம் தலை வெட்டிய கதை, யார் கடைசி என்பதைச் சொல்லாமல் முடிகிறதே என்று ஏமாந்தவர்கள் உண்டு. எனக்கு இதைவிடச் சரியான முடிவு தோன்றவில்லை. டங்கன் எத்தனை பேரை வென்றான் என்ற கணக்கையே அவர்கள் எடுக்கவில்லை, அவன் கூட இருந்ததால் யார் யார் என்னவானார்கள் என்பதை மட்டும் காட்டினார்கள்.

மெத்தோஸ் அவ்வளவு கொடுமை செஞ்சவன்னு தெரிஞ்சப்புறமும் எப்படி உங்களுக்குப் பிடிக்குது?

ஐந்தாம் சீசனில் வரும் 'கம்ஸ் எ ஹார்ஸ்மேன்', 'ரெவலேஷன் 6:8' இரண்டையும் பார்த்தவர்கள் தவறாமல் கேட்பது இது. வெண்கலக் காலத்தில் க்ரோனோஸ், சைலஸ், காஸ்பியன் என்ற மூவரோடு நாலாவதாகக் குதிரையேறி ஊர் ஊராகக் கொன்று குவித்தவர் மெத்தோஸ். பிடித்துத்தான் செய்தேன் என்று டங்கனிடம் அவரே சொல்கிறார், ஒரு சாக்கும் தேடவில்லை. அவர் அடிமையாக வைத்திருந்த கசாண்ட்ரா மூவாயிரம் வருடம் கழித்து எதிரில் வந்து நிற்கிறாள்.

பிடிக்கிறது என்பதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று பொருள் இல்லை. மன்னிக்கும் உரிமை கசாண்ட்ராவுக்கு மட்டும்தான், அவள் மன்னிக்கவும் இல்லை. முடிவில் மெத்தோஸ் சைலஸைக் கொன்றுவிட்டு அழுது கிடக்கும்போது அவர் கழுத்துக்கு மேல் கோடரியை ஓங்குகிறாள். அவர் வாழட்டும் என்று டங்கன் கேட்கிறான். அவள் கோடரியைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். சமாதானம் என்று ஒரு வார்த்தை கிடையாது. அவளுடைய கோபத்தைச் சின்னதாக்காமல், மெத்தோஸையும் வெறும் அரக்கனாக்காமல் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் அவரை விரும்பவும் முடிகிறது, அந்த விருப்பம் உறுத்தவும் செய்கிறது.

டங்கன் மட்டும் என்ன, அவனும் கொலைகாரன்தானே? அவனுக்கு நியாயம் பேச என்ன தகுதி?

தொடரே இதைக் கேட்கிறது. ஐந்தாம் சீசனில் 'ஃபர்கிவ் அஸ் அவர் ட்ரெஸ்பாஸஸ்' என்ற எபிசோடு. குல்லோடன் தோல்விக்குப் பிறகு டங்கன் வெறிகொண்டு ஆங்கிலேயர்களைத் தேடித் தேடிக் கொன்றிருக்கிறான், ரோஸ்மான்ட் பிரபுவைப் படுக்கையிலேயே வைத்துக் கொன்றிருக்கிறான். அந்தப் பிரபுவின் நண்பன் ஸ்டீவன் கீன் நியாயம் கேட்டு வருகிறான். கெட்டவன் இல்லை. மற்ற எபிசோடுகளில் டங்கன் எப்படி ஒருவனைத் தேடிப் போய் உன் பழைய கணக்கைத் தீர்க்க வந்திருக்கிறேன் என்பானோ, அதையேதான் இவனும் சொல்கிறான்.

டங்கனுக்கு மறுக்க வாய் வரவில்லை. தான் செய்தது கொலைதான் என்று அவனுக்குத் தெரியும். சண்டையில் ஜெயித்து, கீனின் தலை தன் வாளுக்குக் கீழே இருக்கும்போது வெட்டாமல் விட்டுவிடுகிறான். தீர்ப்பு சொல்லும் தகுதி அவனுக்கு உண்டா என்றால், இந்த எபிசோடுக்கு முன்னால் உண்டு என்று உறுதியாகச் சொல்லியிருப்பேன், இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். முந்தைய கேள்வியில் சொன்ன மெத்தோஸ் எபிசோடுகள் இரண்டையும் பார்த்த கையோடு இதையும் பாருங்கள், மெத்தோஸிடம் டங்கன் அவ்வளவு கடுமையாக இருந்தது ஏன் என்பது அப்போது வேறு மாதிரி புரியும்.